சீரியம் நீரைத் தெளிவிக்கும். தொட்டிக்குள் இறங்குவது யார்?

2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டையில், தோல் ஆலைகளுக்கான பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டி உடைந்தது. அருகிலிருந்த ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப் பேர் நச்சுச் சேற்றில் மூழ்கி மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைக் கொன்றது, ஆற்றைக் காக்கவெனக் கட்டப்பட்ட நிலையம் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இன்று கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்குப் புதிய தீர்வாக முன்வைக்கப்படுபவற்றுள் அருமண் தனிம வினையூக்கிகளும் உண்டு. இவற்றுள் முதன்மையானது சீரியம் ஆக்சைடு. சீரியம் மூன்று, நான்கு என இரு ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கிடையே எளிதில் மாறும்; அவ்வாறு மாறுகையில் ஆக்சிஜனைக் கொடுக்கவும் திரும்பப் பெறவும் செய்யும். நுண்ணுயிர்களால் எளிதில் சிதைக்க முடியாத சாயங்களையும் பீனால் வகைச் சேர்மங்களையும், ஓசோன் அல்லது உயரழுத்தக் காற்றின் துணையுடன் உடைக்க இப்பண்பே உதவுகிறது. இந்த அறிவியலை நாம் ஐயுறவில்லை, வரவேற்கிறோம்.

ஆனால் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். வினையூக்கி கரிம மாசுகளையே சிதைக்கும். பாலாற்றுப் படுகையின் கிணறுகளை உவராக்கிய உப்பை அது நீக்காது. குரோமியத்தை அழிக்காது, அது கழிவுநீரில் எஞ்சியிருப்பின், வலிய ஆக்சிஜனேற்றச் சூழலில் நச்சு மிகுந்த ஆறிணைதிற வடிவத்துக்கு மாறும் ஆபத்தும் உண்டு. எனவே குரோமியத்தை முன்னரே பிரித்தெடுத்தாக வேண்டும். பிரித்தெடுத்தது கசடாகத் தேங்கும். அக்கசடை அள்ள ஒருவர் தொட்டிக்குள் இறங்க நேரிடும்.

இங்கேதான் சாதி பேசத் தொடங்குகிறது. தோலைத் தீட்டென ஒதுக்கிய சமூகம், அத்தோலின் ஏற்றுமதி வருவாயை ஒதுக்கவில்லை. தீட்டை மட்டும் தலித் உழைப்பாளரின் தலையில் சுமத்தியது. மலக்குழி மரணங்களைத் தடுக்க வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டம், மலக்கழிவுத் தொட்டியை மனித மலத்தைத் தேக்கும் தொட்டி என்றே வரையறுக்கிறது. ஆலைக் கழிவுத் தொட்டி அவ்வரையறைக்குள் அடங்குவதில்லை. இரண்டிலும் மூச்சடைத்துக் கொல்வது ஹைட்ரஜன் சல்பைடு வாயுவே. நச்சு ஒன்றாயிருக்க, பாதுகாப்பு மட்டும் ஏன் வேறுபட வேண்டும்?

வினையூக்கியின் மறுமுனையையும் நோக்குவோம். இந்தியாவில் சீரியம் கடற்கரை மணலிலுள்ள மோனசைட் கனிமத்திலிருந்து கிடைக்கிறது. குமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டாரத்தில் ஏறத்தாழ 1,144 எக்டேரில் முன்மொழியப்பட்டுள்ள மணல் சுரங்கத்தை மீனவ மக்கள் எதிர்த்து வருகின்றனர். 2025 செப்டம்பரிலோ, அணுக் கனிமச் சுரங்கங்களுக்கும் முக்கியக் கனிமச் சுரங்கங்களுக்கும் மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என ஒன்றியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் விலக்களித்தது. ஓர் ஆற்றைத் தூய்மையாக்கும் பொருளுக்காக ஒரு கடற்கரையின் குரல் அடக்கப்படுமாயின், மாசு நீங்கவில்லை, இடம் மாறியிருக்கிறது.

மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியென உறுதிப்படுத்தியது வேலூர் தோல் ஆலை வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் அதே பாலாற்றின் துயரை மீண்டும் விசாரித்துத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இடைப்பட்ட ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் குறைந்தது தொழில்நுட்பமன்று, பொறுப்பேற்பு.

ஆகவே நாம் கோருவன மூன்று. ஆலைக் கழிவுத் தொட்டிகளில் மனிதர் இறங்குவதும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடைக்குள் கொண்டுவரப்பட வேண்டும். கசடு அகற்றல் முழுமையாக இயந்திரமயமாகி, அதற்கான செலவை ஆலைகளே ஏற்க வேண்டும். இழப்பீடு நிலப் பட்டாவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளாது, நிலமற்ற கூலித் தொழிலாளரையும் தோல் ஆலைப் பெண்களையும் சேர்த்தாக வேண்டும்.

சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறும் நீர் தெளிவாக இருக்கிறதா என்பதோடு, உள்ளே வேலைக்குச் சென்றவர் உயிருடன் வீடு திரும்பினாரா என்பதும் தூய்மையின் அளவுகோலாகட்டும்.