தலை எண்ணிக்கையும் டிப்பர் எண்ணிக்கையும்

உலக மக்கள் தொகை 800 கோடியைத் தொட்டுவிட்டதென 2022 நவம்பரில் ஐ.நா. அறிவித்ததும், பூமி இனித் தாங்காது என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. 1798இல் மால்தஸ் எழுதியதிலிருந்து தொடர்ந்து வரும் பேச்சு அது. அதன் பெயரால் இந்தியாவில் 1975–77 அவசரநிலைக் காலத்தில் ஏழைகளைப் பிடித்துக் கட்டாயக் கருத்தடை செய்தார்கள்.

எங்கள் ஊரான தண்ணீரூற்றில் நின்று பார்த்தால் இந்தக் கணக்கு இடிக்கிறது. எங்கள் முல்லைத்தீவு மாவட்டத்தில் 1981இல் சுமார் 77 ஆயிரம் பேர். 2012இல் சுமார் 92 ஆயிரம். அந்த 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 3,400 பேருக்கு மேல் இருந்தார்கள். அப்போது இங்கே நாற்பது பேர்கூட இருக்கவில்லை. 2009 போரில் வீட்டுக்கு வீடு ஆட்களைப் பறிகொடுத்த மண்ணில் "சனம் கூடிப்போச்சு" என்று சொல்ல எவருக்கும் நா எழக்கூடாது. 1990இல் வெளியேற்றப்பட்டுத் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்களையும் மேலதிகத் தலைகளாக எண்ணுவது பெரும் அநியாயம். இந்த ஊர்த் தண்ணீரில் அவர்களுக்கும் சரிபாதி உரித்துண்டு. எத்தனை பிள்ளை என்பதைப் பெறுகிறவள் தீர்மானிக்கட்டும்.

சனம் குறைவு; ஆனாலும் காடு அழிகிறது, பேராற்றில் மணல் குறைகிறது. மாங்குளம்–முல்லைத்தீவு வீதியில் தார்ப்பாய் இழுத்துக் கட்டிய டிப்பர்கள் பின்கதவு இடுக்கால் நீர் வடிய வடியப் போகின்றன. மாரி மழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்குவது அந்த மணல்தான். அது போனால் வெள்ளம் நேரே கடலுக்கு ஓடும். கோடையில் ஆற்றை அண்டிய கிணறுகள் வற்றும். ஆகவே எத்தனை பேர் இருக்கிறோம் என்பதைவிட, எவ்வளவு எடுக்கிறோம், அது யாருக்குப் போகிறது என்பதையே கணக்கெடுக்க வேண்டும்.

பழியை டிப்பர்காரரின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. தறப்பாள் கொட்டிலில் இருந்த குடும்பங்களுக்கு 550,000 ரூபா இந்திய வீட்டுத்திட்டம் வந்தபோது மணல் தேவைப்பட்டது. அது நியாயமான தேவை. பிறகு வெளிநாட்டுக் காசில் மேல்மாடி எழுந்தது, சுற்றுமதில் எழுந்தது, முற்றத்துக்கும் சீமெந்து போட்டோம். கனடாவிலிருந்து காசு அனுப்புகிற அண்ணனுக்கும் இதில் பங்குண்டு. டிப்பர் ஓடுகிற பெடியனுக்கோ மாதாமாதம் லீசிங் கட்ட வேண்டும். அவனுக்கு மாற்றுத் தொழில் காட்டாமல் மறியலுக்கு அனுப்பினால் அவன் இடத்துக்கு இன்னொருவன் வருவான்.

எல்லையை ஊர் கூடி வைக்க வேண்டும். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எத்தனை கியூப் மணலுக்கு அனுமதி என்பதைப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகப் பத்திரத்தில் உள்ளபடி கிராம சேவையாளர் அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். அனுமதி தருகிறவர்கள் முன்கூட்டியே கமக்காரர் அமைப்பையும் நந்திக்கடல் களப்பு மீனவர்களையும் கேட்கட்டும். புதிதாகக் குழாய்க்கிணறு அடிப்பவர் அயல் காணிக்காரரின் சம்மதம் பெறட்டும். பாடசாலைப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை கயிறு விட்டுக் கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் பதியலாம். மூன்று வருடப் பதிவு கையில் இருந்தால் எந்த அதிகாரியும் நம்மை வாய்ப்பேச்சுக்காரர் என்று தட்டிவிட முடியாது. முதல் கூட்டத்தை ஊற்றங்கரைப் பிள்ளையார் கோவில் நிர்வாக சபையும் பள்ளிவாசல் நிர்வாகமும் சேர்ந்து கூட்டட்டும். டிப்பர் உரிமையாளர்களையும் முன்வரிசையில் இருத்துங்கள். மாரி தொடங்கமுன் அது நடக்க வேண்டும்.