வைஃபை கனெக்ட் ஆயிடுச்சு, லாகின் பக்கம் மட்டும் வரல... ஏன்?

ரயில் நிலையத்தில் வைஃபை கனெக்ட் ஆகிவிட்டது. சிக்னலும் ஃபுல். ஆனால், நெட் இல்லை; வர வேண்டிய லாகின் பக்கமும் வரவில்லை. "போன் பழசாயிடுச்சு போல" என்பார் பக்கத்தில் இருப்பவர். பாவம், போன் மேல் தப்பே இல்லை.

வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு போன், கூகுள் முகவரி ஒன்றுக்குச் சின்னதாக ஒரு கோரிக்கை அனுப்பும். '204' என்ற வெற்றுப் பதில் வந்தால் இணையம் இருக்கிறது என்று அர்த்தம். ஐபோன் எதிர்பார்ப்பது 'சக்சஸ்' என்ற ஒரு சொல்லை. பொது வைஃபை இந்தக் கோரிக்கையை நடுவில் மறித்து, தன் லாகின் பக்கத்தை நீட்டும். பதில் மாறியிருப்பதைப் பார்த்துத்தான் போன் லாகின் திரையைத் திறக்கிறது.

நடுவில் புகுந்து பதிலை மாற்றுவது ஹேக்கர் செய்கிற வேலையும்தான். அதைத் தடுக்க வந்த எச்டிடிபிஎஸ், விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ் எல்லாம் சில நேரம் லாகின் பக்கத்தையும் சேர்த்தே தடுத்துவிடுகின்றன. உடனே கிடைக்கும் அட்வைஸ், "விபிஎன்னை ஆஃப் பண்ணுங்க, பிரைவேட் டிஎன்எஸ்ஸை ஆஃப் பண்ணுங்க". வேலை நடக்கும். ஆனால், லாகின் ஆனதும் எத்தனை பேர் மறக்காமல் திரும்ப ஆன் செய்கிறார்கள்? முன்பின் தெரியாத நெட்வொர்க்கில், பூட்டைக் கழற்றி வைத்துவிட்டு பேங்க் ஆப்பைத் திறக்கிறோம். அதற்கு முன், எச்டிடிபிஎஸ் இல்லாத 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' தளத்தை பிரவுசரில் திறந்து பார்க்கலாம். பெரும்பாலும் லாகின் பக்கம் எட்டிப் பார்க்கும்.

இந்தத் தலைவலிக்கு 2020லேயே மருந்து வந்துவிட்டது. போனுக்கு ஐபி முகவரி தரும்போதே, லாகின் பக்கத்தின் முகவரியையும் நெட்வொர்க் சொல்லிவிடலாம். மறிக்கிற வேலையே வேண்டாம். ஆர்எஃப்சி 8910 என்ற அந்த நெறிமுறையை ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 11 முதல் போன்கள் புரிந்துகொள்கின்றன. போன்கள் ரெடி. செட்டிங்கை மாற்ற வேண்டியது வைஃபை நடத்துபவர்கள்தான், பயணிகள் அல்ல.

லாகின் பக்கம் வந்தாலும் அடுத்து ஓடிபி நிற்கிறது. பொது வைஃபையைப் பயன்படுத்துபவர் யார் என்பது பதிவாக வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2009இல் சொன்னது, காரணம் பாதுகாப்பு. அது நியாயமே. ஆனால், டவர் கிடைக்காமல்தானே ஒருவர் வைஃபையைத் தேடுகிறார்? அவரிடம் போய் எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணைக் கேட்டால், அவர் எங்கே போவார்? வெளிநாட்டு சிம்மோடு வந்து இறங்குபவருக்கும் இதே கதிதான். பாஸ்போர்ட்டைக் காட்டினால் கோட் தரும் வசதி சில விமான நிலையங்களில் உண்டு. அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளும் அப்படியொரு வழி, ஓடிபி கேட்கிற எல்லா இடத்திலும் இருக்க வேண்டும்.