பழவேற்காட்டின் கறுப்புச் சீசாக்கள்

மலேயா, இந்தோனேசிய நாடுகளில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் ‘பெலக்காட்’ என்ற பெயர் வழங்குவதைச் சபுராளிகள் அறிவர். பழவேற்காட்டின் பெயரே அங்கு துணிக்குப் பெயராயிற்று. நம் நெசவாளர் நெய்து, மரைக்காயர்களும் பிற வணிகர்களும் கப்பலேற்றிய அத்துணி அன்று தூரதேசமெல்லாம் சென்றது. ஆனால் துணி மக்கிப் போகும் பொருள். அந்த நாளின் வாணிகத்துக்குச் சாட்சி தேடினால், இங்கிருந்து போனது கிடைப்பதைவிட இங்கே வந்து கழிக்கப்பட்டது கிடைப்பதே எளிது. அவ்வாறு கழிக்கப்பட்டவற்றுள் ஒன்று கறுப்புக் கண்ணாடிக் குப்பி.

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பமொன்றிலிருந்து ஒரு சகோதரி நமக்கு எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் முகத்துவாரத்தின் அருகே வலை வீசியபோது சதுர வடிவான கறுப்புச் சீசா ஒன்று அகப்பட்டதாம். செய்தி எப்படியோ பரவி, சென்னையிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் வீடு தேடி வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். “இது உண்மையிலேயே பழையதா? விற்கலாமா? மதுக்குப்பி என்கிறார்களே, வீட்டில் வைத்திருக்கலாமா?” என்பன அவருடைய கேள்விகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருவோம். மதுவுக்குப் புழங்கிய சில வகைப் பாத்திரங்களைத் தொடக்கத்தில் தடுத்த நபி (ஸல்) அவர்கள் பின்னர் அத்தடையை நீக்கினார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தியே. விலக்கப்பட்டது மது, மண்ணும் கண்ணாடியும் அல்ல. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இனி, பழையதா என்ற கேள்வி. சீசாவைக் கதிரவனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கறுப்பெனத் தோன்றுவது பெரும்பாலும் கறுப்பன்று. கரும்பச்சையாகவோ, கருப்பட்டிப் பாகின் செம்பழுப்பாகவோ ஒளி ஊடுருவும். மணலில் கலந்திருந்த இரும்புச் சத்தும், உலையில் எரித்த நிலக்கரியின் புகையும் தந்த நிறம் அது. கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று 1615இல் இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ் கண்ணாடி உலைகளில் விறகெரிப்பதைத் தடை செய்தார். உலைக்காரர்கள் நிலக்கரிக்கு மாறினர். அதனால் கண்ணாடி முன்னைவிடத் தடித்தது, வலுத்தது, இருண்டது. நெடுங்கடற் பயணத்துக்கு ஏற்ற குப்பி அவ்வாறு வாய்த்தது. அந்த இருள் உள்ளிருக்கும் பானத்தை வெயிலிலிருந்து காத்தமையால், பின்னர் அதனையே விரும்பிச் செய்யலாயினர்.

அடுத்து, தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். இதுவே குப்பியின் சாதகம். குழலால் ஊதிய குப்பிக்கு வாய் அமைக்கும்போது அதைப் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கோலை அடியில் ஒட்டுவர். வேலை முடிந்ததும் தட்டிப் பிரிப்பர். பிரிந்த இடத்தில் சொரசொரப்பான வடு நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் குப்பியின் உடலையே பற்றும் இடுக்கி வந்தபின் இவ்வடு படிப்படியாக மறைந்தது. ஆகவே அடியில் வடு இருந்தால் மகிழலாம்.

பிறகு விரல் நுனியால் பக்கவாட்டைத் தடவுங்கள். வாயால் ஊதி, கையால் உருட்டிய குப்பியில் அச்சின் பொருத்துக்கோடு இராது. பிரிஸ்டல் நகரத்து ரிக்கெட்ஸ் என்பார் 1821இல் உரிமம் பெற்ற மூன்று பகுதி அச்சில் வார்த்ததாயின், தோளைச் சுற்றி ஒரு கோடும், அதிலிருந்து மேலே ஏறும் கோடுகளும் தென்படும். கோடு கழுத்தைத் தாண்டி வாயின் விளிம்பு வரை ஏறிவிட்டால் அது இயந்திரக் குப்பி. அமெரிக்கர் ஓவன்ஸின் தானியங்கி இயந்திரம் 1903இல்தான் வந்தது. அப்படியொன்றை முந்நூறு ஆண்டுப் பழைமை என்று யாரேனும் சொன்னால் புன்னகை செய்து அனுப்பிவிடுங்கள். கொட்டலசும் சிப்பியும் ஒட்டியிருப்பதை வைத்தும் வயது சொல்லலாகாது. சென்ற ஆண்டு ஏரியில் எறிந்த சீசாவிலும் அவை குடியேறிவிடும்!

வடிவமும் காலம் சொல்லும். உருண்டை உடலும் நீண்ட கழுத்தும் கொண்டவை 1650ஐ ஒட்டியவை. வெங்காயம்போல் சப்பையாகப் பருத்தவை ஏறக்குறைய 1680 முதல் 1730 வரையிலானவை. அதன்பின் உடல் நிமிர்ந்து, மெல்ல மெல்ல இன்றைய நேர் உருளை வடிவாயிற்று. சகோதரியிடம் உள்ள சதுரக் குப்பியோ தனி இனம். மரப்பெட்டியின் அறைகளில் இடம் வீணாகாமல் அடுக்குவதற்கென்றே சதுரமாக்கப்பட்டது; டச்சுக்காரரின் ‘ஜின்’ என்னும் சாராயம் பெரும்பாலும் இதில்தான் பயணம் செய்தது. பதினேழாம் நூற்றாண்டுக் குப்பிகளின் பக்கங்கள் பொதுவாக ஏறத்தாழ நேராக நிற்கும். பிற்காலத்தவை தோளில் அகன்று அடியில் குறுகும். ‘வான் ஹோபோக்கன், ராட்டர்டாம்’ போன்ற வணிகர் பெயர் புடைத்து நின்றால், அது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு என்று கொள்ளலாம்.

இங்கேதான் பழவேற்காட்டின் வரலாறு நுழைகிறது. டச்சுக்காரர் 1610இல் இவ்வூரில் நிலைகொண்டனர். 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே தலைநகர். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு நிலையாகப் போயிற்று. துணி மட்டுமா இங்கிருந்து ஏற்றுமதியாயிற்று? பஞ்சத்தில் விலைப்பட்ட மனிதர்களும் ஆயிரக்கணக்கில் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அந்தக் கணக்கெழுதிய துரைமார் அருந்தி எறிந்த குப்பிகள் என்ற நினைவோடு பார்த்தால், இவற்றை வெறும் அலங்காரப் பொருளாகக் காண நமக்கு மனம் வருவதில்லை.

சகோதரியின் குப்பி 1690க்கு முந்தியதா பிந்தியதா என்பதைக் குப்பியே ஓரளவு சொல்லும். ஆனால் அது கப்பலிலிருந்து விழுந்ததா, கோட்டைக் குப்பையிலிருந்து அடித்து வரப்பட்டதா, பிற்காலத்தில் யாரோ எண்ணெய்க்குப் புழங்கி எறிந்ததா என்பதை, அது கிடைத்த இடம்தான் சொல்ல இயலும். வியாபாரியின் கைக்கு மாறிய மறுநாளே அந்த இடம் மறைந்துவிடும். நகரத்து வரவேற்பறை அலமாரியில் அது “எங்கோ கிடைத்த பழைய சீசா” என்று நிற்கும். ஆகவே விற்க வேண்டாம் என்பதே நம் கருத்து. எந்தப் பாட்டில், எவ்வளவு ஆழத்தில், எந்த மாதம், எந்த வலையில் வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, அதனோடு சேர்த்து வையுங்கள். ஏரியில் பாடு பிரித்து மீன்பிடிக்கும் வழக்கமுடைய ஊருக்கு இது எளிது. இவ்வளவு துல்லியமாக இடம் சொல்லும் வசதி வேறு பல ஊர்களுக்கு இல்லை.

சட்டத்தையும் அறிந்து கொள்வது நலம். நூறாண்டு கடந்த கைவினைப் பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் சட்டத்துக்குள் வரக்கூடும். அத்தகையதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். மண்ணில் புதையுண்டு கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். குப்பிக்கு ஆசைப்பட்டு, எலும்புக்கூடுகள் செதுக்கிய வாயில் கொண்ட டச்சுக் கல்லறைத் தோட்டத்தை எவரும் தோண்டிவிடக் கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அன்றியும், அடக்கப்பட்டவர் எவராயினும் கபுறு கபுறுதான்.

இறுதியாக, பராமரிப்பு. மணலும் புளியும் போட்டுத் துலக்காதீர்கள். நெடுநாள் நீரில் கிடந்த கண்ணாடியிலிருந்து காரச்சத்து கரைந்து வெளியேறி, மேற்புறம் வெங்காயச் சருகுபோல் மெல்லிய ஏடுகளாக நிற்கும். வானவில் போல் மின்னும் அப்படலம் கண்ணாடியின் ஒரு பகுதியே. தேய்த்தால் குப்பியையே தேய்க்கிறீர்கள். உப்பு நீரிலிருந்து எடுத்ததை உடனே வெயிலில் வைத்தால் ஏடுகள் பொருக்குப் பொருக்காக உதிரும். நல்ல தண்ணீரில் அமிழ்த்தி, தண்ணீரை அடிக்கடி மாற்றி, சில வாரங்கள் உப்பை இறக்கியபின் நிழலில் மெதுவாக உலரவிடுங்கள். குழந்தைகள் கைக்கெட்டாத உயரத்தில், கழுத்தைப் பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்து எடுத்து வையுங்கள்.