புற்றுக்காளானும் குண்டுக்கரிச்சானும்

ஐயனார் கோயிலை ஒட்டிய காட்டில் பெருமழை பெய்து ஓய்ந்த சில நாட்களில், கறையான் புற்றைச் சுற்றி வெண்குடைகள் விரிகின்றன. இவையே புற்றுக்காளான்கள். அதே காட்டில் கோடைக்கால விடியலில், உயர்ந்த கிளையொன்றில் அமர்ந்து குண்டுக்கரிச்சான் பாடுகிறது. ஒன்று ஊமை, மற்றது குரலாலேயே பெயர் பெற்றது. ஆயினும் ஆண்டில் சில காலம் மட்டுமே தம்மை வெளிக்காட்டிக்கொள்வதில் இரண்டும் ஒத்திருக்கின்றன.

காளான் என்பது பூஞ்சையின் கனி போன்றது. பூஞ்சையின் உடல் புற்றுக்குள் மறைந்துள்ளது. உலர்ந்த இலையையும் மரத்துகளையும் மென்று, தேனடை போன்ற அடைகளைக் கட்டி, அவற்றின்மேல் கறையான்கள் இப்பூஞ்சையை வளர்க்கின்றன. கறையானால் எளிதில் செரிக்க இயலாத மரப்பொருளைப் பூஞ்சை பக்குவப்படுத்துகிறது. அதன்பின் கறையான் அதை உண்கிறது. சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடந்துவரும் வேளாண்மை இது! மழையில் விரியும் குடை சில நாட்களில் அழுகிவிடும். அதற்குள் கண்ணுக்குப் புலப்படாத வித்துகளை அது காற்றில் தூவிவிடுகிறது. மனுஸ்மிருதி பூண்டு, வெங்காயத்தோடு காளானையும் விலக்கியிருப்பதால், ஆசாரமான இல்லங்களில் இது அடுப்பேறுவதில்லை. ஆனாலும், பால் வார்த்து வணங்கும் புற்றுக்குள் நடப்பதை அறிந்துகொள்வதில் தோஷம் ஏதுமில்லை.

குண்டுக்கரிச்சானில் ஆண் கருப்பும் வெள்ளையுமாக இருக்கும். பெண்ணுக்குக் கருமைக்குப் பதில் சாம்பல் நிறம். வங்கதேசத்தின் தேசியப் பறவை இதுவே. மார்ச் முதல் ஜூலை வரை, தன் எல்லையை அறிவிக்கவும் துணையை அழைக்கவும் ஆண் பாடுகிறது. குளிர்காலத்தில் பெரும்பாலும் மௌனம்தான். மரப்பொந்தில் இடும் நான்கைந்து முட்டைகளைப் பெண் பறவையே அடைகாக்கிறது. பூச்சிகளே இதன் முக்கிய உணவு. காளானைத் தரும் புற்றிலிருந்து ஈசல் கிளம்பும் நாள், பூச்சியுண்ணும் பறவைகளுக்கெல்லாம் விருந்து நாள்.

திருப்பணி என்ற பெயரில் சில ஊர்களில் பொந்துள்ள முதிய மரங்களை வெட்டிவிடுகின்றனர். புற்றை இடித்துச் சிமெண்டுத் தளமும் இடுகின்றனர். செய்வோர் பக்தியில் குறையில்லை. ஆயினும் இது வருந்தத்தக்கது. மரப்பொந்து போனால் குண்டுக்கரிச்சான் பழைய மதிற்சுவரின் ஓட்டையையேனும் தேடிக்கொள்ளும். புற்றுக்காளானுக்கோ கறையானை விட்டால் வேறு புகலிடம் இல்லை.