கமிட்டுக்கு மை தேய்த்தல்

மாத்தளை நகரைத் தாண்டி ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் சற்றுப் போனால் அலுவிகாரை வரும். வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில் இங்கேதான் ஏட்டில் ஏறியது என்பது மரபு. இன்றும் அங்கே எழுத்தாணியால் ஏட்டைக் கீறிக் காட்டுகிறார்கள். கீறிய எழுத்து உடனே தெரியாது. கரிமை தேய்த்துத் துடைத்த பிறகே துலங்கும். கமிட்டைப் பரிசோதிப்பதும் அப்படி மை தேய்க்கும் வேலைதான். மாற்றம் ஏற்கெனவே பதிந்துவிட்டது. அதைக் கண்ணுக்குக் கொண்டுவருவது நம் பொறுப்பு.

2024 பெப்ரவரியில் எக்ஸ்இசட் சுருக்கக் கருவியின் களஞ்சியத்தில் ஒரு கமிட் சேர்ந்தது. லாண்ட்லொக் பாதுகாப்பு வசதிக்கான சோதனையைத் திருத்துவதாக அதன் செய்தி சொன்னது. ஆனால் சீமேக் கோப்பில், சோதனை நிரலின் நடுவே, ஒரு முற்றுப்புள்ளி தனியாக நின்றது. அதனால் அந்த நிரல் கம்பைல் ஆகவே இல்லை. லாண்ட்லொக் இல்லையென்று முடிவுகட்டிய பில்ட், அந்தக் காவலைச் சேர்க்காமலே விட்டது. மார்ச் 29 அன்று, எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைத் துருவிய அண்ட்ரெஸ் ஃபிராயின்ட், அக்கருவியில் பின்வாசல் இருப்பதை வெளியிட்டார். அதன் பிறகே புள்ளியும் அகப்பட்டது.

ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதுவது நம் முன்னோர் வழக்கம். தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் பிரதிக்குப் பிரதி ஒப்பிட்டு, பாடபேதம் பார்த்தே நூல்களைப் பதிப்பித்தார்கள். இல்லாத புள்ளியை உணர்ந்து வாசித்த மரபு நமக்கு உண்டு. இருக்கும் புள்ளியை நாம் தவறவிடலாமா?

ஆகவே, செய்தியை மட்டும் வாசித்து அனுமதி கொடுக்க வேண்டாம். ‘கிட் ஷோ’ போட்டு, செய்தி சொல்வதைத்தான் வரிகள் செய்கின்றனவா என்று பாருங்கள். இணைப்புக் கமிட்டில் கூடுதல் கவனம் வேண்டும்: ஒரு கிளையின் வடிவத்தையே அப்படியே ஏற்றுக்கொண்ட கோப்பை ‘கிட் ஷோ’ வழமையாகக் காட்டாது. கிட் 2.36 இல் வந்த ‘ரீமேர்ஜ்-டிஃப்’ தெரிவு, இணைப்பைத் தானே மறுபடி செய்து பார்த்து, அதற்கு மேல் கைவைக்கப்பட்ட இடங்களை எடுத்துக்காட்டும்.

எழுதுவோருக்கும் கடமை உண்டு. இடைவெளித் திருத்தம் ஒரு கமிட், தர்க்க மாற்றம் இன்னொரு கமிட் என்று பிரியுங்கள். ஐந்நூறு வரி நகர்வுக்குள் ஒளிந்த ஒரு குறியை எந்தக் கண்ணும் பிடிக்காது.

கமிட் வாசிப்பு மட்டும் போதாது என்பதும் எக்ஸ்இசட் தந்த பாடம். பின்வாசலை இயக்கிவிட்ட வரிகள் களஞ்சியத்தில் இருக்கவில்லை. வெளியீட்டுப் பொதியில் மட்டுமே இருந்தன. பொதியையும் களஞ்சியத்தையும் ஒப்பிடுவது வெளியீட்டு வேலையின் பகுதியாகட்டும்.

உங்கள் அனுமதிக்காக இன்று ஒரு கமிட் காத்திருக்கும். அதை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்துவிட்டுக் கையொப்பமிடுங்கள்.