தாயும் சேயும்: நடுச்சாமத்தில் விழிக்கும் பிள்ளை

சாட்டியிலிருந்து ஒரு தாய் எழுதியுள்ள கடிதத்துக்கே இவ்வாரம் இப்பகுதி முழுவதையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. குழந்தைக்கு எட்டு மாதம். ஆறாம் மாதம் வரை இரவில் இரண்டொரு தடவை மட்டும் பாலுக்கு எழும்பிய பிள்ளை, இப்போது மணிக்கொரு தரம் விழித்து வீறிட்டு அழுகின்றதாம். கணவர் மாலையில் வலையோடு கடலுக்குப் போனால் விடிந்த பின்னரே கரைக்கு வருவார். வீட்டில் மாமியார் மாத்திரமே துணை. நாவூறு பட்டிருக்கிறது என்று அவர் பார்வை பார்ப்பித்துத் திருநீறும் போட்டாயிற்று. அயல் வீட்டார் ஒருவர், தம் பிள்ளையின் தடிமனுக்கு வாங்கிய பாணி மருந்தில் அரைத் தேக்கரண்டி பருக்கினால் விடியுமட்டும் அசையாது என்று சொல்லிப் போத்தலையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். "கொடுக்கலாமா? இரண்டு நாளாகப் போத்தலைப் பார்த்தபடி இருக்கிறேன்" என்று அச்சகோதரி கேட்கிறார்.

கொடுக்க வேண்டாம். மற்றவையெல்லாம் பிறகு. போத்தலை இன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தடிமன் பாணிகள் பலவற்றில் மயக்கம் தரும் மருந்து கலந்திருக்கின்றது. பெரியவருக்குச் சற்றே தூக்கம் வருத்தும் அளவு, எட்டு மாதச் சிசுவின் மூச்சையே தளர்த்திவிடக் கூடும். சில பிள்ளைகளிலோ நேர்மாறாக, தூக்கத்தைக் கெடுத்து ஆர்ப்பரிக்கச் செய்யும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வைத்தியர் சொல்லாமல் இத்தகைய தடிமன், இருமல் மருந்துகளைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008இல் பகிரங்கமாக எச்சரித்தது. இது புதிய கதையுமன்று. 1849 முதல் அந்நாட்டில் வின்ஸ்லோ என்ற அம்மையாரின் பெயரால் ஒரு பாணி விற்பனையாயிற்று. அழும் பிள்ளை அடங்கும் என்று வீட்டுக்கு வீடு வாங்கினார்கள். அதில் இருந்தது அபினியிலிருந்து எடுக்கும் மோர்பீன். அடங்கிய பிள்ளைகளுள் எத்தனையோ பிள்ளைகள் மீண்டும் விழிக்கவே இல்லை. நம் வீடுகளில் இன்றும் புழங்கும் கிறைப் வாட்டரும் 1851இல் இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரில் தோன்றியதுதான். அதிலும் நெடுங்காலம் மதுசாரம் கலந்திருந்தது.

மாமியார் பார்ப்பித்த பார்வையைப் பற்றி நாம் வாதாடப் போவதில்லை. திருநீற்றினால் பிள்ளைக்குத் தீங்கு வராது. மாமியாருக்கு மன ஆறுதலும் உண்டு. ஆனால் நாக்கில் வசம்பு உரைத்துத் தடவுவதும், தேன் தொட்டு வைப்பதும் வேறு. ஒரு வயதுக்கு முன் தேன் ஆகவே ஆகாது. தேனில் சில வேளை இருக்கும் நுண்கிருமியின் வித்து, சிசுவின் குடலில் முளைத்து நரம்புகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்க வல்லது.

இனி, பிள்ளை ஏன் விழிக்கின்றது என்பதைப் பார்ப்போம்.

1950களின் தொடக்கத்தில் சிக்காகோ சர்வகலாசாலையிலே அசெரின்ஸ்கி என்ற மாணவர், உறங்கும் குழந்தைகளின் கண்ணிமைகளைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். மூடிய இமைக்குள்ளே விழிகள் ஒரு சமயம் அசைவற்றும், ஒரு சமயம் விரைந்து ஓடியும் இருப்பதைக் கண்டார். அவரும் அவருடைய ஆசிரியர் கிளைட்மனும் 1953இல் இதனைப் பெரியவர்களிடத்தும் நிறுவி வெளியிட்டனர். நித்திரை என்பது ஒரே சீரான இருளன்று, ஆழமும் மேலோட்டமுமாக மாறி மாறி வருவது என்பது அன்று முதல் தெளிவாயிற்று. பெரியவருக்கு இவ்வட்டம் சுற்றி வர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். சிசுவுக்கோ ஒரு மணி நேரமும் ஆகாது. ஆகவே மணிக்கொரு தரம் பிள்ளை மேலோட்டத்துக்கு வருவது இயற்கையே. அந்நேரத்தில் அது முகத்தைச் சுளிக்கும், கைகால் உதறும், முனகும், சில வேளை கண்ணையும் திறக்கும். இதை விழிப்பென்று எண்ணி உடனே வாரியெடுத்தால், தானே மறுபடி உறங்கப் போன பிள்ளையை நாமே எழுப்பியவர்களாவோம். முனகல் கேட்டதும் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் கையை அடக்கிக்கொண்டு கவனியுங்கள். உரத்த அழுகையானால் எடுக்கத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் பிள்ளை மாத்திரந்தான் இப்படி என்று மனம் வருந்த வேண்டாம். கனடாவில் முந்நூற்றுக்கு மேற்பட்ட தாய்மாரையும் பிள்ளைகளையும் ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, ஆறு மாதப் பிள்ளைகளில் நூற்றுக்கு 38 பேர் தொடர்ந்து ஆறு மணி நேரம் உறங்கவில்லை. ஒரு வயதிலும் நூற்றுக்கு 28 பேர் அவ்வாறே. அப்பிள்ளைகளின் வளர்ச்சியில் ஒரு குறையும் காணப்படவில்லை.

ஆறாம் மாதத்தில் ஒழுங்காக உறங்கிய பிள்ளை எட்டாம் மாதத்தில் குழம்புவானேன்? இம்மாதங்களிலேதான் பிள்ளை தாயை வேறாகவும் தன்னை வேறாகவும் அறியத் தொடங்குகின்றது. தாய் கண்ணுக்கு மறைந்தாலும் எங்கோ இருக்கிறாள் என்பது அதற்கு விளங்குகின்றது. ஆனால் திரும்பி வருவாள் என்ற உறுதி இன்னும் ஏற்படவில்லை. நம் பிள்ளைத்தமிழ் இலக்கணமும் தாலப் பருவத்தை, அதாவது நாவசைத்துத் தாலாட்டும் பருவத்தை, ஏழெட்டாம் மாதத்தை ஒட்டியே வைத்தது. அதை வகுத்த புலவர்கள் வீட்டில் கண்டதைத்தான் எழுதியிருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகின்றது. பகலில் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடித் திறந்து காட்டி விளையாடுங்கள். அடுக்களைக்குப் போகையில் சொல்லிவிட்டுப் போய், குரல் கொடுத்துக்கொண்டே திரும்பி வாருங்கள். இரவு நித்திரைக்கு இது பெரிதும் உதவும்.

பசியும் ஒரு காரணம். எட்டு மாதப் பிள்ளைக்குப் பகலில் உலகமெல்லாம் வேடிக்கை. கோழி ஓடினால் பாலை விட்டுத் திரும்பிப் பார்க்கும். பகலில் விட்டதை இரவில் கேட்கும். ஆதலால் பகலில் சந்தடியில்லாத அறையிலே ஓரிரு தடவை வயிறாரப் பால் கொடுங்கள். தாய்ப்பாலுடன் நாளுக்கு இரண்டு மூன்று தடவை திட உணவும் வேண்டும். கஞ்சித் தண்ணீர் வயிற்றை நிரப்புமேயன்றி இரத்தத்துக்கு உதவாது. இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைகள் இரவில் அமைதியின்றிப் புரளுவதுண்டு. கரையிலே வாழும் உங்களுக்கு மீனுக்குப் பஞ்சமில்லை. முள் நீக்கி அவித்த மீன், முட்டை, மசித்த ஈரல், பருப்பு ஆகியவற்றைச் சோற்றுடன் குழைத்துக் கொடுக்கலாம். இவ்வயதில் இரவில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ தாய்ப்பால் கேட்பது இயல்பே. அதை ஒரேயடியாக நிறுத்த முனைய வேண்டாம். பால் கொடுக்கும்போது விளக்கை ஏற்றாமலும், கைப்பேசியின் வெளிச்சம் பிள்ளையின் முகத்தில் படாமலும், பேச்சுக் கொடுக்காமலும் இருந்தால், இரவு விளையாடும் நேரமன்று என்பதைப் பிள்ளை மெல்லக் கற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றிலும் முக்கியமான காரணம் வேறு. நீங்கள் கடிதத்தில் போகிற போக்கில் அதனைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: பிள்ளை எப்போதும் மடியில் பால் குடித்தபடியே உறங்கும், பிறகு பாயில் கிடத்துவேன் என்கிறீர்கள். நாம் ஒருவர் விறாந்தையில் படுத்து உறங்கி, நடுச்சாமத்தில் கிணற்றடியில் கண் விழித்தால் என்ன செய்வோம்? கூச்சல் போடுவோம். பிள்ளையும் அதைத்தான் செய்கின்றது. மடியில் உறங்கியது, பாயில் விழிக்கின்றது. மடியை மீண்டும் கேட்கின்றது.

இதை மாற்றுவதற்குப் பிள்ளையைத் தனியறையில் விட்டு அழவிட வேண்டும் என்று மேல்நாட்டில் ஒரு சாரார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே சொல்லி வருகின்றனர். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர் தொலைபேசியில் இதையே உபதேசிப்பதும் நாம் அறிந்ததே. இடைவெளி விட்டுத் தேற்றும் மிதமான முறைகளால் பிற்காலத்தில் கேடு விளையவில்லை என்று அவுஸ்திரேலியாவில் ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்தவர்கள் 2012இல் எழுதியிருக்கிறார்கள். ஆயினும் ஓரறை வீட்டிலே, மாமியாரும் பிள்ளையும் ஒரே பாய் வரிசையில் படுக்கையில், அந்த உபாயம் எப்படிச் சரிவரும்? அதைவிட மெதுவான வழியொன்று உண்டு. உறங்கும் நேரத்துக்கு அரை மணி முன்னரே பாலைக் கொடுத்து முடியுங்கள். பிறகு முகம் கைகால் துடைத்து, நாள்தோறும் ஒரே ஒழுங்கில், ஒரே தாலாட்டைப் பாடுங்கள். கண் செருகும் நிலையில், முற்றாக உறங்கு முன்னர், பாயில் கிடத்திப் பக்கத்திலிருந்து தட்டிக் கொடுங்கள். அழுதால் எடுத்துத் தேற்றி மறுபடி கிடத்துங்கள். முதல் மூன்று நான்கு இரவு சிரமந்தான். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியும். நடுச்சாமத்தில் விழித்தாலும் இதே முறைதான்.

மிகவும் குழம்பி அழும் இரவுகளுக்கு ஜப்பானில் ரிக்கென் ஆராய்ச்சி நிலையத்தார் 2022இல் ஒரு வழி கண்டு சொன்னார்கள். பிள்ளையை மார்போடணைத்து ஐந்து நிமிடம் நில்லாமல் நடக்க வேண்டும். உறங்கியதும் உடனே கிடத்தாமல், மேலும் ஐந்து முதல் எட்டு நிமிடம் வரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நித்திரை ஆழ்ந்த பின்னர் கிடத்தினால் விழிப்பது குறையும். நம் பாட்டிமார் இதைக் கடிகாரமின்றியே செய்தார்கள்.

ஏணையைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஏணை ஆட்டினால் பிள்ளை விரைவில் உறங்குவது உண்மை. அது பிள்ளையை மல்லாத்தியே கிடத்தும் என்பதும் ஒரு நன்மை. 1950களில் மேல்நாட்டுப் புகழ்பெற்ற வைத்திய நூல்களே குப்புறக் கிடத்தச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1991இன் இறுதியில் இங்கிலாந்தில் மல்லாத்திக் கிடத்துங்கள் என்ற பிரசாரம் தொடங்கிய பின், உறக்கத்தில் திடீரென இறக்கும் சிசுக்களின் தொகை சில ஆண்டுகளிலேயே பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் ஏணையில் வேறு ஆபத்துண்டு. சேலை ஆழமாகத் தொங்கினால் சிசுவின் நாடி மார்பில் முட்டி மூச்சுத் தடைப்படலாம். எழும்பி உட்காரப் பழகிய பிள்ளை சேலையில் சிக்கவோ, தலைகீழாக விழவோ கூடும். உங்கள் பிள்ளைக்கு எட்டு மாதமாகிவிட்டது. ஏணையை அவிழ்த்துவிடுங்கள். நிலத்தில் விரித்த பாய் போதும். மெத்தையைவிட அது உத்தமம். தலையணை, கனத்த போர்வை வேண்டாம். சோளகம் ஓய்ந்த புழுக்கமான இரவுகளில் ஒரு மெல்லிய பருத்திச் சட்டையே அதிகம். நுளம்பு வலை எப்போதும் வேண்டும். மலேரியா இலங்கையை விட்டு நீங்கியதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. டெங்கு நீங்கவில்லை, அதைப் பரப்பும் நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் நித்திரைக்கும் வலை கட்டுங்கள். சாராயம் அருந்தியவரும் புகைப்பவரும் பிள்ளையின் பாயில் படுக்கலாகாது.

இனி உங்களைப் பற்றி. நீங்கள் மூன்று இடத்தில் "என்னால் முடியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கணவர் விடிய வந்து வலையை உதறி மீனை விற்றபின் உறங்கப் போவது நியாயமே. ஆயினும் அதற்கு முன் ஒன்றரை மணி நேரம் பிள்ளையைத் தாம் வைத்திருந்து உங்களை உறங்க விடலாம். மாமியாரிடம் முன்னிரவைக் கேளுங்கள். பார்வை பார்ப்பிக்க நடந்தவர், பேரப்பிள்ளையை ஒரு மணி நேரம் தோளில் போடமாட்டாரா? காரணமின்றி அழுகை வருவதும், பிள்ளை உறங்கும்போதும் உங்களுக்கு உறக்கம் வராமலிருப்பதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அது சோம்பலுமன்று, பலவீனமுமன்று. மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய் அது. சிகிச்சையால் மாறும். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் கூசாமல் சொல்லுங்கள். களுத்துறையில் 1926இல் முதலாவது சுகாதாரப் பகுதியை ஏற்படுத்திய காலந்தொட்டு இந்நாட்டில் மருத்துவமாதர் வீடு வீடாகச் செல்கின்றனர். 1945இல் பிறந்த ஆயிரம் சிசுக்களில் 140 சிசுக்கள் ஒரு வயதுக்குள் இறந்த நாடு இது. இன்று அத்தொகை பத்துக்கும் கீழே இறங்கியதில் அவர்களுடைய பங்கு பெரிது.

இவ்வளவும் நோயற்ற பிள்ளைக்குச் சொன்னவை. காய்ச்சல், மூச்சு வேகமாக வாங்குதல், காதைப் பிடித்திழுத்து ஓயாது அழுதல், பச்சை நிறமாக வாந்தியெடுத்தல், பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடத்தல், வலிப்பு ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் விடியுமட்டும் காத்திராமல் ஊர்காவற்றுறைக்கோ, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கோ கொண்டு செல்லுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட சிசுவானால் காய்ச்சல் ஒன்றே போதும். இவை எதுவும் இல்லையாயினும் அடுத்த கிளினிக் நாளன்று பிள்ளையின் பதிவேட்டைக் கொண்டுபோய் நிறையைக் குறிப்பித்து, இரத்தக் குறைவு உண்டா என்றும் கேட்டு வாருங்கள்.