நன்றிக் கடிதம்

கதை எழுதுவது என் தொழில். ஆனால் சென்ற மாதம் விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்த கதையைக் கேட்ட பிறகு, என் தொழில் எனக்குச் சரியாகத் தெரியுமா என்றே ஐயம் வந்துவிட்டது.

கதை என்று அவள் சொல்லவில்லை. கடிதம் என்றுதான் சொன்னாள். எங்கோ நகரத்தில் இருக்கும் ஒரு நல்ல மனிதர் மாதந்தோறும் அவள் படிப்புக்குப் பணம் அனுப்புகிறார். தன் அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கிறது என்று வருஷத்துக்கு நான்கு தடவை அவள் அவருக்கு எழுதியாக வேண்டும். இடையில் நின்று பணத்தை வாங்கிக் கொடுக்கும் அறக்கட்டளையின் விதி அது. அவர்கள் நடத்திய விழாவுக்கு நான் சிறப்பு விருந்தினன். எனக்குப் பொன்னாடை, அவளுக்கு ஒலிபெருக்கி.

கடிதத்தில் அவள் காலை ஐந்து மணிக்கு எழுந்து பாடம் படிக்கிறாள். குளித்து, உண்டு, மகிழ்ச்சியுடன் பள்ளிக்குச் செல்கிறாள். மாலையில் தோழியருடன் விளையாடுகிறாள். இரவில், தன் கொடையாளர் நீடூழி வாழப் பிரார்த்தித்துவிட்டு உறங்குகிறாள். கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன், அதை மறைப்பானேன்?

விழா முடிந்து வேப்பமரத்தடியில் காருக்காகக் காத்திருந்தபோது அவளும் அங்கே வந்து நின்றாள். பேச்சுக் கொடுத்தேன். ஐந்து மணிக்கு எழுவது உண்மை. எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடுகிறாள். அம்மா ஏழு மணி வேனில் பட்டாசு ஆலைக்குப் போய்விடுவாள். ஆகவே உலை வைப்பதும் தம்பியைப் பள்ளிக்குக் கிளப்புவதும் இவள் பாடு. எட்டே காலுக்கு டவுன் பஸ். அதை விட்டால் மூன்று மைல் நடை. மாலையில் வீட்டு வாசலில் இரண்டு ஆடுகள் காத்திருக்கும். புத்தகத்தைத் தொட இரவு எட்டரை ஆகிவிடும். ஒன்பதுக்குக் கண் சொருகிவிடும். கணக்கில் பின்னம் இன்னும் பிடிபடவில்லை. கேட்கவும் வெட்கம்.

"ஏம்மா, இதையெல்லாம் கடிதத்தில் எழுதக் கூடாதா?" என்று கேட்டேன்.

"முதல்ல எழுதினேன் ஸார். கஷ்டத்தை எழுதினா பணம் தர்றவுக மனசு சங்கடப்படும்னு சொல்லிட்டாக. மாதிரிக் கடிதாசி ஒண்ணு குடுத்திருக்காக. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் எழுதுவோம்."

கொடுத்தவரைப் பழிப்பது என் நோக்கமல்ல. அவருக்கு இந்த மாதிரிக் கடிதம் பற்றித் தெரிந்திருக்கவே நியாயமில்லை. கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று கேட்க அவருக்கு உரிமையும் உண்டு. அதைக் கணக்குப்பிள்ளையிடம் கேட்கட்டும். ஒரு குழந்தையை ரசீதாக்கி, அதையும் பொய் ரசீதாக்கி அனுப்புகிறார்களே, அது எந்த தர்மத்தில் சேர்த்தி? பின்னம் தெரியாது என்று எழுதக் கூடாத பெண்ணுக்குப் பின்னம் சொல்லித்தர யார் வருவார்கள்?

"முகம் தெரியாவிட்டால் யார் ஸார் பணம் கொடுப்பார்கள்?" என்று அறக்கட்டளையின் செயலாளர் என்னை மடக்கப் பார்த்தார். அவர் அந்தக் கேள்வியை வேறு மாவட்டத்தில் கேட்டிருக்கலாம். அதே விருதுநகரில் 1889-ல் நாடார் சமூகத்தார் க்ஷத்திரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். மகமைப் பணத்தோடு பிடியரிசியும் திரட்டிப் பள்ளியை நடத்தினார்கள். உலைக்கு அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டு வைப்பாள் வீட்டுக்காரி, அவ்வளவுதான். எந்த வீட்டு அரிசி எந்தப் பையனின் எழுத்தாயிற்று என்று யாரால் சொல்ல முடியும்? அங்கே படித்தவர் காமராஜர். அவர் எந்த வீட்டுக்கு நன்றிக் கடிதம் எழுதினார்? அவர் முதலமைச்சராக இருந்தபோது 1956-ல் தொடங்கிய மதிய உணவும் முதலில் ஊரார் கொடையைத்தான் பெரிதும் நம்பியிருந்தது. தட்டில் விழுந்த சோற்றில் யார் பெயரும் எழுதியிருக்கவில்லை.

பணம் கொடுப்பவர்கள் இப்படியென்றால், உழைப்பைக் கொடுக்க வருகிறவர்கள் கதை இன்னொரு விதம். ஞாயிற்றுக்கிழமை வேனில் வந்து இறங்குகிறார்கள். பள்ளிச் சுவரில் பட்டாம்பூச்சி வரைகிறார்கள். மிட்டாய் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தி சாய்வதற்குள் வேன் போய்விடுகிறது. அந்த இளைஞர்கள் நல்லவர்கள்தாம். சுவரும் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை கணக்குப் பாடத்துக்குப் பட்டாம்பூச்சியா விடை சொல்லும்?

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த இழப்பை ஈடுகட்ட, 2021-ல் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்று ஒன்றைத் தொடங்கியது. தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதே ஊர்க்காரர்கள். ஊக்கத்தொகை மாதம் 1000 ரூபாய். மாலை ஐந்திலிருந்து ஏழுக்குள், தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தார்கள். இந்தப் பெண்ணும் சின்ன வகுப்பில் அப்படி ஒரு திண்ணையில் உட்கார்ந்தவள்தான். "அந்த அக்கா சொல்லிக்குடுத்த வகுத்தல் மட்டும் மறக்கல ஸார்" என்றாள். ஞாயிறன்று வருகிறவர்கள் சுவரை விட்டுவிட்டு, வாரத்தில் ஒரு மாலை, ஒரே ஊருக்கு, ஒரு வருஷம் வரட்டும். ஆடுகளை அவர்களில் ஒருவர் பார்த்துக்கொண்டாலும் இவளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

போன வாரம் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார். மாணவர்களின் கடிதங்களைத் தொகுத்து மலர் வெளியிடுகிறார்களாம். நான் முன்னுரை எழுத வேண்டுமாம். மாதிரிக் கடிதத்தை முதல் பக்கத்தில் போடுவதானால் எழுதித் தருகிறேன் என்றேன். இன்னும் பதில் வரவில்லை.